பிஸ்டன் போய்விட்டதா? ஹெட்டை இறக்கும் முன் எந்தச் சோதனையை நம்புவது

ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறினால் புகைக்குழாயில் நீலப் புகை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று காற்று வெளியே தள்ளுகிறது. டிப்ஸ்டிக் தானாகவே எழும்பி நிற்கிறது. டர்போ பூட்டி, ட்யூன் ஏற்றி, உயர் சுற்றில் ஓட்டப்படும் எஞ்சினில் இவை சேர்ந்து வந்தால் சந்தேகம் நேராக பிஸ்டன் மீதுதான் போகும். அதுவரை குழப்பமில்லை. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்ப்ரஷன் கேஜ் போதுமா? லீக்டவுன் (காற்றை உள்ளே விட்டுக் கசிவை அளப்பது) பார்க்க வேண்டுமா? போர்ஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமரா) உள்ளே விட்டால் தெரிந்துவிடுமா? ஆயிலை லேபுக்கு அனுப்பலாமா? எதற்கு வம்பு என்று நேரே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றி இறக்கிவிடலாமா?

இதில் எந்தக் கருவியும் "பிஸ்டன் போச்சு" என்று எழுதிக் கொடுக்காது. ஒன்று அழுத்தத்தை அளக்கும், ஒன்று கசிவின் திசையைச் சொல்லும், ஒன்று மேற்பரப்பை மட்டும் காட்டும். தப்பான கருவியிடம் நல்ல பதில் வாங்கிக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று இன்னும் 200 கிலோமீட்டர் ஓட்டினால், பிஸ்டனின் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள ரிங் லேண்ட் உடைந்து, அந்தத் துண்டு போரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், கோடு இழுத்துவிடும். ஒரு பிஸ்டனோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பிளாக் வரை போகும். அதனால் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து, சோதனைக்காகத் தவிர எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. தட்டும் சத்தம் கேட்டால் சோதனைக்குச் சூடேற்றக்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே பாருங்கள். எண்கள் கொஞ்சம் மோசமாகக் காட்டினால் காட்டட்டும்.

## பிஸ்டன் எப்படியெல்லாம் கெடும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனைகளை ஒப்பிட முடியாது.

ரிங் லேண்ட் உடைவது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளையம் பிளந்து போகும். பெரும்பாலும் டெட்டோனேஷன்தான் (பிளக் பொறி விட்ட பிறகு மிச்சக் கலவை தானாக வெடிப்பது) காரணம். ரிங் இடைவெளியைக் குறைவாக விட்டு, சூட்டில் இரு முனைகளும் முட்டிக்கொண்டாலும் இதே கதிதான். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு பிஸ்டன்கள் இதில் சீக்கிரம் உடையும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் உடைவதற்குப் பதிலாக நசுங்கி, ரிங்கைப் பள்ளத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கிரவுன், அதாவது பிஸ்டனின் தலைப்பரப்பு, உருகுவது. நடுவில் ஓட்டை விழுந்தால் ப்ரீ-இக்னிஷனை (பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது) சந்தேகிக்கலாம். ஓரம் மணல் அடித்தது போல் பொரிந்து, பிறகு கரைந்திருந்தால் டெட்டோனேஷன்.

ஸ்கர்ட் இழுபடுவது. ஆயில் படலம் அறுந்து பிஸ்டனின் பக்கச்சுவர் போரில் உரசுகிறது. குளிர்ந்த எஞ்சினை ரேஸ் பண்ணுவது, இன்ஜெக்டர் ஒழுகி போர்ச் சுவரைப் பெட்ரோல் கழுவிவிடுவது, பிஸ்டனுக்கும் போருக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து விட்டது எல்லாம் இங்கே கொண்டு வந்து விடும்.

வால்வு இடிப்பது. உயர் சுற்றில் தப்பான கியர் விழுந்தாலோ டைமிங் தவறினாலோ நடக்கும்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின்னும் அதன் துளையும் தேய்வது. சத்தம் மட்டும் வரும்.

முதல் இரண்டிலும் காற்று கசியும். நான்காவதில் கசிவு பிஸ்டனில் இருக்காது, வளைந்த வால்வில் இருக்கும். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் நெடுநாள் வரை கசிவே இருக்காது. கம்ப்ரஷன் நன்றாக இருப்பதாகக் கேஜ் காட்டிய எஞ்சின் அடுத்த மாதமே ஜாம் ஆவது பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

1. மேலே சொன்ன ஐந்தில் எந்தெந்தக் கேடுகளை அது கண்டுபிடிக்கும்.
2. எந்த சிலிண்டர், எந்த வழியாகக் கசிவு என்று இடம் காட்டுமா.
3. எவ்வளவு எளிதில் ஏமாற்றும்: நல்ல எஞ்சினைக் கெட்டதாகவும், கெட்டதை நல்லதாகவும்.
4. எதையெல்லாம் கழற்ற வேண்டும், சோதனையே எதையாவது கெடுக்குமா.
5. முடிவு வந்ததும் அடுத்த வேலையைத் தீர்மானிக்க முடியுமா. நடைமுறையில் முக்கியமானது இதுதான். பதில் என்னவாக வந்தாலும் எப்படியும் ஹெட்டை இறக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தச் சோதனைக்குச் செலவழித்த பாதி நாள் வீண்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்குங்கள். இதற்குச் செலவே இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகளும், நடுவே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் குட்டி உருண்டைகளும் ஒட்டியிருந்தால், அந்த உருண்டைகள் பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். பீங்கான் விரிசல் விட்டிருந்தால் டெட்டோனேஷன் நடந்திருக்கலாம். ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய சிலிண்டர் எது என்பது தெரிந்துவிட்டது.

## கம்ப்ரஷன் டெஸ்ட்

எல்லோரிடமும் இருக்கும் கருவி. எல்லோரும் அவசரமாகச் செய்யும் சோதனையும் இதுதான்.

முறைப்படி செய்வதென்றால்: எஞ்சின் சூட்டில், எல்லா பிளக்கும் வெளியே, இன்ஜெக்டர், காயில் இணைப்புகள் கழற்றப்பட்டு, பேட்டரி முழு சார்ஜில், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டிகளில் பெடலை மிதித்தால் மட்டும் த்ராட்டில் திறக்கும் என்று நம்ப வேண்டாம். இன்டேக் குழாயைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கையில், ஐந்தாறு அழுத்தங்கள் வரும் வரை கிராங்க் செய்யுங்கள். கடைசி எண்ணை மட்டும் குறிக்காமல் முதல் அழுத்தத்தில் ஊசி எங்கே நின்றது என்பதையும் எழுதி வையுங்கள்.

ஒரு 4 சிலிண்டர் டர்போவில் 152, 150, 118, 149 பிஎஸ்ஐ வருகிறது என்று வையுங்கள். 3ஆவது, அதிகபட்சத்தைவிட 22% குறைவு. 10 முதல் 15%-க்கு மேல் வித்தியாசம் வந்தாலே சந்தேகப்படலாம். மற்ற சிலிண்டர்கள் முதல் அழுத்தத்திலேயே 75-ஐத் தொட, 3ஆவது 40-இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. குறைவாகத் தொடங்கி ஏறவும் மறுத்தால் வால்வு பக்கம். பிறகு 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயிலை பிளக் துளையில் விட்டு மறுபடி அளந்து, 118 என்பது 146 ஆக ஏறினால் ரிங் அல்லது போர் என்பது உறுதியாகிறது. அதற்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றும். சிலிண்டர்கள் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினில் இந்த ஆயில் வித்தை பலிக்காது. ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும்.

ஏமாற்றும் இடங்கள் நிறைய. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம் போட்டிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும்; எல்லா சிலிண்டரிலும் எண் கணிசமாகக் குறையும். எஞ்சினில் பழுது என்று அர்த்தமில்லை. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறும் ஒவ்வொரு முறையும் சுமார் 3% குறையும். கேஜ் குழாயின் நுனியில் உள்ள சின்ன வால்வுக்கு பதிலாக யாராவது டயர் வால்வைப் போட்டிருந்தால், அதன் ஸ்பிரிங் கடினமாக இருப்பதால் எல்லா எண்களும் தாழ்ந்தே வரும். எல்லா சிலிண்டரும் ஒரே அளவு குறைந்திருந்தால் பிஸ்டனை விட்டுவிட்டு முதலில் டைமிங், த்ராட்டில், கேஜ் மூன்றையும் பாருங்கள்.

உயர் செயல்திறன் எஞ்சினில் இதன் பெரிய குறை வேறு. ரிங் லேண்டில் விரிசல் விட்டு முதல் ரிங் இன்னும் முழுதாக இருந்தால், கிராங்க் செய்யும் நேரத்தில் எண் கிட்டத்தட்ட சரியாகவே வரும். பூஸ்டில், பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் என்ன நடக்கிறது என்பது 200 சுற்றில் சுழலும் ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. எண் கெட்டதாக வந்தால் நம்புங்கள். நல்லதாக வந்தால் அதை வைத்து மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

பிளக்குகளை எடுக்கவே அரை நாளாகும் வி-எஞ்சின்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்டார்ட்டர் கேபிளில் கரண்ட் கிளாம்ப் மாட்டி, எரிபொருளை நிறுத்தி கிராங்க் செய்தால், ஆசிலோஸ்கோப்பில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு மேடாகத் தெரியும். ஒரு மேடு குட்டையாக இருந்தால் அதுதான் குற்றவாளி. பத்து விநாடி வேலை. எண் கிடைக்காது, ஒப்பீடு மட்டும் கிடைக்கும். ரேஸ் ட்ராக்கில் அடுத்த சுற்றுக்கு இறங்கலாமா என்று முடிவெடுக்க அது போதும்.

## லீக்டவுன் டெஸ்ட்

பிஸ்டன் விஷயத்தில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், டி.டி.சி.யில், நிறுத்துகிறோம். இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிளக் துளை வழியாகக் குறிப்பிட்ட அழுத்தத்தில், வழக்கமாக 100 பிஎஸ்ஐயில், காற்றை விடுகிறோம். முதல் கேஜ் உள்ளே போகும் அழுத்தம், இரண்டாவது சிலிண்டரில் நிற்கும் அழுத்தம். 100 விட்டு 92 நின்றால் கசிவு 8%.

இதில் கவனம் தேவை. 86 மி.மீ. போரில் 100 பிஎஸ்ஐ என்றால் பிஸ்டன் தலையில் ஏறுவது சுமார் 400 கிலோ விசை. டி.டி.சி.யிலிருந்து துளி விலகியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுழலும். கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுக்க மறந்திருந்தால் கை எலும்பு முறியும். ரெகுலேட்டரை பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கி, கிராங்க் அசையவில்லை என்று பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள்.

எண் வந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு, கிராங்க்கை மயிரளவு முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி ஏற்றிப் படியுங்கள். ரிங்குகள் பள்ளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்ததும் கசிவு பாதியாகக் குறைவதுண்டு. அதற்குப் பிறகும் எண் அதிகமாகவே இருந்தால் காதைத் தீட்டுங்கள்:

- த்ராட்டில் வாயில் சீறல்: இன்டேக் வால்வு.
- புகைக்குழாயில் சீறல்: எக்ஸாஸ்ட் வால்வு.
- ரேடியேட்டரில் குமிழி: ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல்.
- பக்கத்து பிளக் துளையில் காற்று: இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.
- ஆயில் மூடியில், டிப்ஸ்டிக் குழாயில் சீறல்: ரிங், போர் அல்லது பிஸ்டன்.

கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. கிராங்க்கேஸ் காற்றை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாயைக் கழற்றாமல் சோதித்தால், ரிங் லேண்ட் வழியாகக் கீழே இறங்கிய காற்று சுற்றிக்கொண்டு த்ராட்டில் வாயில் வந்து சீறும். "இன்டேக் வால்வு" என்று ஹெட்டை இறக்கி, வால்வை அரைத்து, திரும்பப் பூட்டிய பிறகும் புகை அப்படியே இருக்கும். பிசிவி குழாய்களை முதலில் பிரித்துவிடுங்கள். அதேபோல் வால்வு இருக்கையில் கார்பன் துணுக்கு சிக்கினாலும் பெரிய கசிவு காட்டும். கிராங்க்கைச் சில முறை சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

எவ்வளவு வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது? புதிதாகக் கட்டிய ரேஸ் எஞ்சினில் 2 முதல் 5%. தெருவில் ஓடும் நல்ல எஞ்சினில் 10%-க்குள். 15 முதல் 20% என்றால் கவனிக்க வேண்டும். 25%-ஐத் தாண்டினால் பிரிக்க வேண்டியதுதான். ரிங் லேண்ட் உடைந்த சிலிண்டர் தனித்து நிற்கும்: மூன்று சிலிண்டர் 6, 7, 6 என்று வர ஒன்று மட்டும் 40-ஐத் தாண்டி, ஆயில் மூடியில் கை வைத்தால் காற்று தெளிவாகத் தட்டும். கிராங்க்கேஸில் கொஞ்சம் சீறல் எல்லா எஞ்சினிலும் கேட்கும் என்பதால் பக்கத்து சிலிண்டரோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். இரு கேஜ்களுக்கும் நடுவே உள்ள துளையின் விட்டம் கருவிக்குக் கருவி மாறும். ஒரு பட்டறையில் வந்த 12%-ஐ இன்னொரு பட்டறையின் 7%-உடன் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் ஒரு திருத்தம். 2618 என்ற அலுமினிய அலாயில் சிலிக்கான் மிகக் குறைவு. சூட்டில் நிறைய விரியும். அதனால் குளிரில் இடைவெளி அதிகம் விட்டுத்தான் கட்டுவார்கள். 4032 அலாயில் சுமார் 12% சிலிக்கான் இருப்பதால் இடைவெளி குறைவு. 2618 போட்ட எஞ்சின் குளிர்ந்த நிலையில் டக்டக்கென்று அடிப்பதும், லீக்டவுனில் இரட்டை இலக்கம் காட்டிவிட்டு சூட்டில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதும் சகஜம். அதைப் பழுது என்று பிரித்தால் வீண் வேலைதான்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கம்ப்ரஸர் வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் டி.டி.சி. பிடிக்க வேண்டும், 8 சிலிண்டருக்கு ஒரு மதியம் போய்விடும். முக்கியமாக, போரின் உச்சியில் உள்ள ஒரு இடத்தை மட்டுமே அளக்கிறது. நடுவிலோ கீழேயோ கோடு விழுந்திருந்தால் தெரியாது.

## போர்ஸ்கோப்

5.5 மி.மீ. தலையுள்ள கேமரா பிளக் துளையில் சுலபமாக நுழையும். நேராக மட்டும் பார்ப்பது போதாது. நுனி வளையும் வகையோ, பக்கவாட்டில் பார்க்கும் இரண்டாவது லென்ஸோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரவுனின் நடுப்பகுதியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வருவீர்கள். பிஸ்டனைக் கீழே, பி.டி.சி.க்கு, இறக்கிவிட்டு கேமராவை விடுங்கள். கேமரா உள்ளே இருக்கும்போது கிராங்க்கைத் தொடவே கூடாது.

கிரவுனில் சீராக மங்கிய பழுப்போ கறுப்போ படிந்திருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் கழுவி விட்டது போல் அலுமினியமாகத் தெரிந்தால், அங்கே ரிங்கைத் தாண்டி ஆயில் ஏறுகிறது. கிரவுன் முழுவதும் ஆவி பிடித்துத் துடைத்தது போல் பளிச்சென்றிருந்தால் கூலண்ட் உள்ளே வருகிறது. பிறை வடிவத்தில் பளபளக்கும் தழும்பு என்றால் வால்வு தொட்டிருக்கிறது. ஓரத்தில் ஊசியால் குத்திய மாதிரிக் குழிகள் இருந்தால் டெட்டோனேஷன்.

போர்ச் சுவரில் பார்க்க வேண்டியது குறுக்கு வரிகள். ஹோனிங்கின் (போரைத் தீட்டும் வேலை) குறுக்குக்கோடுகள் தெளிவாக இருந்தால் சுவர் உயிரோடு இருக்கிறது. அவற்றைக் குறுக்கே வெட்டி மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள், குறிப்பாக பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில், ஸ்கர்ட் இழுபட்டதைச் சொல்கின்றன. லீக்டவுன் கோட்டைவிடும் மூன்றாவது வகைக் கேட்டை, பிரிக்காமலே எந்த சிலிண்டர் என்றும் காட்டிப் பிடிக்கும் வழி இது ஒன்றுதான்.

ஆனால் கேமரா பெரிதாக்கிக் காட்டும். தலைமுடி அகலக் கீறல் திரையில் பள்ளத்தாக்கு போலத் தெரியும். பயந்துபோய் நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. ஒற்றைக் கோடு, அதன் இரு பக்கமும் குறுக்கு வரி அப்படியே இருக்கிறதென்றால், படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆயில் செலவைக் கவனிப்பது போதும். கோடுகள் பட்டையாகச் சேர்ந்து, நடுவில் அலுமினியம் அப்பியது போல் மங்கலாக இருந்தால் தள்ளிப்போட இடமில்லை.

மேலிருந்து பார்ப்பது சில எஞ்சின்களில் போதாது. போர்ஷே 996-இலும், 997-இன் முதல் தலைமுறையிலும் உள்ள எம்96, எம்97 எஞ்சின்கள் இதற்கு நல்ல உதாரணம். லோகாசில் எனப்படும் சிலிக்கான் கலந்த அலுமினிய போர் அவற்றுக்கு. கோடு பெரும்பாலும் 4, 5, 6 சிலிண்டர்கள் உள்ள வரிசையில், போரின் அடிப்பகுதியில் தொடங்கும். கம்ப்ரஷனும் லீக்டவுனும் நன்றாக வரும் நிலையிலேயே கோடு விழுந்திருக்கும். அங்கே சம்ப்பை (எஞ்சினின் அடி ஆயில் தொட்டி) இறக்கிக் கீழிருந்து கேமராவை விடுவதுதான் சரியான வழி.

ரிங் லேண்ட், ரிங், பின், எதையும் போர்ஸ்கோப் காட்டாது. பிஸ்டனில் முகம் மட்டும்தான் தெரியும்.

## ஆயில் ஃபில்டரும் லேப் பரிசோதனையும்

ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பதையும் ஆயிலை லேபுக்கு அனுப்புவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

லேபில் செய்யும் ஸ்பெக்ட்ரோமெட்ரி ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களைத்தான் பார்க்கும். மெதுவான தேய்மானத்துக்கு அருமையான கருவி. திடீரென்று உடைந்த பிஸ்டனின் சீவல்கள் அதன் கண்ணில் படவே படாது. "இயல்பு" என்று அறிக்கை வரும். அந்தச் சீவல்கள் எல்லாம் ஃபில்டரில் இருக்கும்.

ஃபில்டரை ரம்பத்தால் அறுக்காதீர்கள். ரம்பத்தூள் உள்ளே விழும். சக்கர வகை வெட்டுக் கருவியால் மேல் விளிம்பை வெட்டி, மடிப்புத் தாளைப் பிரித்து, ஆயிலைப் பிழிந்து, வெளிச்சத்தில் விரியுங்கள். மினுக்கும் சீவல்கள்மேல் காந்தம் வையுங்கள். காந்தத்தில் ஒட்டாதது பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டனாக இருக்கலாம், அலுமினிய பேரிங்காகவும் இருக்கலாம். சிலிக்கான் கலந்த அலுமினிய போர் உள்ள எஞ்சின்களில் ஸ்கர்ட் மேல் இரும்புப் பூச்சு இருக்கும்; அங்கே பிஸ்டனிலிருந்து உரிந்த சீவலும் காந்தத்தில் ஒட்டும்.

எந்த சிலிண்டர் என்று இந்த வழி சொல்லாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மாதிரி எடுத்து, அலுமினியம், இரும்பு, குரோமியம் பிபிஎம் எப்படி ஏறுகிறது என்று வரிசையாகப் பார்ப்பவருக்குத்தான் லேப் அறிக்கை பயன்படும். சந்தேகம் வந்த பிறகு முதல்முறையாக அனுப்புவது தாமதம்தான்.

## நேரே பிரிப்பது

சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் இங்கே மட்டும்தான். ஆனால் பலர் நினைப்பது போல் ஹெட்டை இறக்கியதும் எல்லாம் தெரிந்துவிடாது. ஹெட்டை எடுத்தால் தெரிவது கிரவுனும் போரின் மேல்பகுதியும்தான்; போர்ஸ்கோப் காட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ரிங் லேண்டைப் பார்க்க சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராட் போல்ட்டைக் கழற்றி, பிஸ்டனை மேலே தள்ளி எடுக்க வேண்டும். அதோடு, ஹெட்டைத் தூக்கிய நொடியில் லீக்டவுன் செய்யும் வாய்ப்பும் போய்விடும். கசிவு எங்கே இருந்தது என்ற சாட்சியத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

மறைமுகச் செலவுகள் அதிகம். ஹெட் கேஸ்கெட், ஒருமுறை இழுத்து இறுக்கும் வகை ஹெட் போல்ட்டுகள், பல எஞ்சின்களில் ராட் போல்ட்டுகள், இன்டேக், எக்ஸாஸ்ட், டர்போ கேஸ்கெட்டுகள், கூலண்ட், ஆயில், டைமிங் அமைப்பு. எதுவும் கெடவில்லை என்று தெரிந்தாலும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் புதிதாகப் போட வேண்டும்.

பிரிக்காமல் சோதித்துக்கொண்டிருப்பதே தப்பு என்ற நிலைமைகளும் உண்டு. பிளக்கில் அலுமினிய உருண்டை, ஃபில்டரில் காந்தத்தில் ஒட்டாத சீவல் இரண்டும் சேர்ந்து வந்தால் கேஜைத் தேட வேண்டாம். உலோகத் தட்டல் சத்தம் சுற்றோடு சேர்ந்து ஏறினாலும் அப்படியே.

## ஒரே பார்வையில்

| முறை | நேரம் | ரிங் லேண்ட் | கிரவுன் | ஸ்கர்ட், போர் | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|---|---|
| கம்ப்ரஷன் | 1 மணி நேரம் | சில சமயம் | ஓட்டை விழுந்தால் | தெரியாது | கேம், த்ராட்டில், கேஜ் வால்வு |
| லீக்டவுன் | 2 முதல் 4 மணி | நன்றாகப் பிடிக்கும் | ஓட்டை, விரிசல் | போரின் உச்சியில் மட்டும் | பிசிவி குழாய், குளிர்ந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் |
| போர்ஸ்கோப் | 1 மணி நேரம் | தெரியாது | மிக நன்றாக | நன்றாக | சின்னக் கீறலைப் பெரிதாக்கும் |
| ஃபில்டர், லேப் | ஃபில்டர் அரை மணி, லேப் பல நாள் | சீவல் வந்தால் | சீவல் வந்தால் | ஆரம்பத்திலேயே காட்டலாம் | எந்த சிலிண்டர் என்று தெரியாது |
| பிரிப்பது | பல நாள் | முழுமையாக | முழுமையாக | முழுமையாக | ஹெட்டோடு நின்றுவிட்டால் |

## யாருக்கு எது

பழைய வேக வண்டி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் லீக்டவுனும் போர்ஸ்கோப்பும் சேர்த்து. ஒன்றை மட்டும் செய்ய விற்பவர் சம்மதித்தால், இரும்பு ஸ்லீவ் (போர் உறை) எஞ்சினுக்கு லீக்டவுன், அலுமினிய போர் எஞ்சினுக்கு போர்ஸ்கோப்.

பூஸ்டில் மட்டும் புகையும் மிஸ்ஸிங்கும் என்றால் கம்ப்ரஷனைத் தாண்டி நேரே லீக்டவுன். ஆயில் குடிக்கிறது, ஆனால் சக்தி குறையவில்லை என்றால் போர்ஸ்கோப். ஏனென்றால் ஆயில் கட்டுப்பாட்டு ரிங் கார்பனில் ஒட்டியிருந்தால் கம்ப்ரஷனும் லீக்டவுனும் நன்றாகவே வரும். கியர் தப்பி விழுந்த எஞ்சினுக்கு லீக்டவுன் முதலில், வால்வுத் தழும்பைப் பார்க்க போர்ஸ்கோப் அடுத்து.

சோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால்? கம்ப்ரஷன் நல்லது, லீக்டவுன் கெட்டது, இரண்டாம் முறை சூட்டில் செய்தும் அதே எண் என்றால் லீக்டவுனை நம்புங்கள். இரண்டும் கெட்டு, சீறல் ஆயில் மூடியில் கேட்டு, போர்ஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லையென்றால் அது ரிங் லேண்டின் அடையாளம். பிஸ்டனை வெளியே எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவு குறைந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கிரவுனில் லேசான குழிகள், மற்ற எல்லா எண்ணும் நலம் என்றால் பிஸ்டன் இன்னும் பிழைத்திருக்கிறது. ட்யூனை இறக்கி, இக்னிஷன் அட்வான்ஸைக் குறைத்து, நாக் (டெட்டோனேஷன் தட்டல்) பதிவைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

## பிஸ்டன் கைக்கு வந்த பிறகு

ரிங் முனைகளைப் பாருங்கள். இரண்டு முனையும் கண்ணாடி போல் மினுங்கினால் சூட்டில் முட்டியிருக்கின்றன, இடைவெளி போதவில்லை. பூஸ்ட் எஞ்சினின் முதல் ரிங்குக்குப் போர் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.0045 முதல் 0.0060 அங்குலம் விடுவது வழக்கம், 86 மி.மீ. போருக்கு அது சுமார் 0.39 முதல் 0.52 மி.மீ. ரிங் பள்ளத்தைச் சுத்தம் செய்து புது ரிங்கை விரலால் உருட்டிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் பள்ளம் நசுங்கியிருக்கிறது. விரிசல் தேட காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் வேலை செய்யாது. ஊடுருவும் சாயச் சோதனைதான். ஸ்கர்ட்டை பின்னுக்குச் செங்குத்தாக, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் அளக்க வேண்டும்; போரை மூன்று ஆழத்தில், இரண்டு திசையில்.

ஒரே ஒரு சிலிண்டர்தான் போயிருக்கிறது என்றால் எல்லா இன்ஜெக்டர்களையும் ஃப்ளோ பெஞ்சில் வைத்து ஒப்பிடுங்கள், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் தெளிக்கும் ஜெட் அடைத்திருக்கிறதா என்று காற்று விட்டுப் பாருங்கள். எல்லா பிஸ்டனும் ஒரே மாதிரி பொரிந்திருந்தால் ட்யூன், எரிபொருள் பம்ப், இன்டேக் காற்றின் சூடு. பிஸ்டன் துண்டு வெளியேறியிருந்தால் டர்போவின் டர்பைன் சக்கரத்தின் விளிம்பையும் காடலிட்டிக் கன்வெர்ட்டரின் முகத்தையும் போர்ஸ்கோப்பில் பாருங்கள். ஆயில் கூலரை எவ்வளவு கழுவினாலும் அதன் மெல்லிய குழாய்களில் சீவல் தங்கும். புது பிஸ்டன் போடும் நாளிலேயே புதுக் கூலரும் போட்டுவிடுங்கள்.